பூதத்துக்கு இரங்கல் கூட்டம் நடத்தியவர்கள்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பக்கத்துத் தெருவிலிருந்து வந்திருக்கும் ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே, வேலை முடிந்த கையோடு, விரலில் சோப்பு வாடை போகாமல் வந்து உட்கார்ந்திருக்கும் சலவை ஆலைத் தோழர்களே, அக்காவின் கணவர் அவர்களே, மகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அக்கா இயற்கை எய்தினார் என்றார்கள். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. எது இயற்கை? வெளுப்பு மருந்தின் ஆவியை வருஷக்கணக்கில் இழுத்த நுரையீரல் ஒருநாள் நின்றுபோவது இயற்கையா? ஆவியை வெளியேற்ற ஒரு விசிறி கேட்டு நாம் எத்தனை முறை அலுவலகப் படி ஏறினோம்? விசிறி மாட்டினார்கள், மேலாளர் அறையில்.

அவர் கண் மூடிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரித்திருந்தது நம் ஆலை வெளுத்து அனுப்பிய விரிப்பு. ஓரத்து மடிப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது, அது நம் மடிப்புப் பிரிவின் கை. அவருடைய கையாகவே இருந்திருக்கலாம்.

தோழர்களே, பூதக்கா யார்? மடிப்புப் பிரிவின் தொழிலாளி. சங்க வாசிப்பு வட்டத்தின் செயலாளர். நம் மாத இதழில் பூதக் கதை எழுதியவர். அதனால்தான் அவருக்கு இந்தப் பெயர். அவர் எப்படிக் கதை சொல்லப் பழகினார் என்பது வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, நான்கு மூலையையும் சேர்த்து, மறுபடி விலகிப் போக வேண்டும். இயந்திர இரைச்சலில் தூரத்தில் நிற்பவருக்கு எதுவும் கேட்காது. நெருங்கி வரும்போது மட்டும் ஒரு வாக்கியம் சொல்லலாம். பூதக்கா அந்த ஒரு வாக்கியத்தில் கதை சொன்னார். "பூதம் கண்ணை முழிச்சுது" என்பார், விலகிப் போய்விடுவார். அடுத்த விரிப்பு வரும்வரை எதிரில் இருப்பவர் தவித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் எழுத்தில் நீளமான வாக்கியமே கிடையாது. காரணம் இதுதான்.

பிறகு சனிக்கிழமைகளில் இதே அறையில் வாசிப்பு வட்டம் தொடங்கினார். அதன் சட்டம் உங்களுக்குத் தெரியும். அத்தியாயம் முடிந்ததும் கைதட்டக் கூடாது. நல்லாருக்கு, நல்லால்ல என்று சொல்லக் கூடாது. ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விதான் கேட்பார்: "இந்தக் கதையில நீ யாரு? உனக்கு எங்க வலிச்சுது?"

முதல் வாரம் எல்லோரும் இளவரசர்கள். வேன் ஓட்டுகிற அண்ணன் மட்டும் எழுந்து, தான் பாரம் இழுக்கிற கழுதை என்றார். எங்கே வலித்தது என்று கேட்டதற்கு, "முட்டியிலதான் அக்கா. ஆனா அதுக்குக் கதை காரணம் இல்ல" என்றார். சிரித்து முடித்த பிறகு, அந்த முட்டியோடு எத்தனை மாடிக்கு மூட்டை தூக்குகிறார் என்று முதல்முறையாக எங்களிடம் சொன்னார். இளவரசர்கள் அதோடு காணாமல் போனார்கள். அடுத்த வாரம் காவலாளிகள் வந்தார்கள், சமையல்காரிகள் வந்தார்கள், ராட்சசனுக்குப் பயந்து கதவைச் சாத்தியவர்கள் வந்தார்கள். தன் பயத்தைத் தன் பெயரில் சொல்லத் துணியாதவர்கள், கதவைச் சாத்தியவன் பெயரில் சொன்னார்கள்.

அவரோடு நான் போட்ட சண்டைகளை இங்கே பலர் பார்த்திருக்கிறீர்கள். நான் எழுதுவது நடந்த கதை. சம்பள வெட்டு, வெந்த கை, இடிந்த குடியிருப்பு. நம்மைச் சுற்றி இத்தனை கொடுமை இருக்க, இல்லாத பூதம் எதற்கு அக்கா என்று கேட்டேன். அவர் விரிப்பை உதறிக்கொண்டே சொன்னார்:

"உன் கதையில நான் செத்துப்போறேன்டா தம்பி. படிக்கிறவங்க ஐயோ பாவம்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போறாங்க. என் கதையில நான் பூதம். பூதத்தப் பாத்து எவன் பாவம்னு சொல்லுவான்?"

இன்று அவர் படத்துக்கு முன்னால் நின்று, அந்த வாதத்தில் தோற்றேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அவருக்கே பிடிக்காது. அது பாதியில் நிற்கிறது. ஆனால் நடந்த ஒன்றை மறைக்கவும் மாட்டேன்.

நம் பாய்லர் தம்பி செத்த கதை எல்லோருக்கும் தெரியும். நீராவிக் குழாய் வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அவன் மட்டும் வாசலருகே விழுந்து கிடந்தான். நிர்வாகம் என்ன எழுதியது? வால்வை மூடாமல் ஓடப் பார்த்தான், விபத்துக்கு அவனே பொறுப்பு என்று எழுதியது. நான் இதழில் நாலு பக்கம் எழுதினேன். எல்லோரும் படித்தார்கள், எல்லோரும் கொதித்தார்கள். அவன் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மடிப்புப் பிரிவுக்குத் திரும்பி வந்து, பூதக்காவுக்கு எதிர் முனையைப் பிடித்தார். அழவில்லை. கம்பெனி குடியிருப்பில் இருக்கிறவர், சின்ன மகளும் இதே ஆலையில் வேலை செய்கிறவள். வாய் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த மாதங்களில்தான் பூதக்கா, ஒரு ஊரையே தோளில் தூக்கி நிற்கிற பூதத்தின் கதையைத் தொடங்கினார். ஊர்க்காரர்களுக்குத் தாங்கள் ஒரு தோள்மேல் குடியிருக்கிறோம் என்பதே தெரியாது. தரை ஆடுகிறது என்று குறை சொல்வார்கள். கீழே வெள்ளம் வருகிறது. பூதத்தின் உயிர் போகிறது. விழுந்தால் ஊர் விழுந்துவிடும் என்று அது நின்றபடியே சாகிறது. மறுநாள் காலையில் தரை சில்லென்று இருக்கிறதே என்று மேலே ஒரு பெண் சொல்கிறாள். அத்தோடு அத்தியாயம் முடிகிறது.

அந்த வாரம் நம் ஆட்கள் தாங்கவில்லை. வேன் அண்ணன் சங்கக் கரும்பலகையில், பூதத்தின் மறைவுக்குச் சனிக்கிழமை இரங்கல் கூட்டம் என்று எழுதிப்போட்டார். கறுப்புத் துணி குத்திக்கொண்டு வந்தோம். பூதம் என்பது யாரோ ஒரு தோழரின் பட்டப்பெயர் என்று நினைத்து, இதோ மேடையில் இருக்கும் ஓட்டுநர் சங்கத் தலைவர் மலர்வளையத்தோடு வந்துவிட்டார். மைக்கை வாங்கி, மறைந்தவரைத் தனக்கு நேரில் தெரியும் என்றார். மிக எளிமையானவர், யார் மனமும் நோகப் பேசாதவர், பழகுவதற்கு இனியவர் என்றார். தலைவர் இப்போதும் சிரிக்கிறார், கோபித்துக்கொள்ளமாட்டார். அன்று நாங்கள் நாற்காலியிலிருந்து விழாத குறை.

அந்தச் சிரிப்பு அடங்கும் நேரத்தில் பூதக்கா கேட்டார், வழக்கமான கேள்வியை. நீங்க யாரு? எங்க வலிச்சுது? மூன்றாம் வரிசையிலிருந்து பாய்லர் தம்பியின் அம்மா எழுந்தார்.

"நான் அந்தப் பூதத்தோட அம்மா" என்றார். கதையில் அப்படி ஒரு பாத்திரமே இல்லை. யாரும் திருத்தவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இங்க வலிக்குது. ஆஸ்பத்திரியில கையில கட்டுப் போட்டுத்தான் உடம்பக் குடுத்தாங்க. நான் பிரிச்சுப் பாத்தேன். என் புள்ள ரெண்டு உள்ளங்கையிலயும் வால்வுச் சக்கரத்தோட தடம் வெந்து கெடந்துச்சு. ஓடினவன் கையில தடம் இருக்குமா?"

அப்போதுதான் அவர் அழுதார். பூதத்துக்கு அழத் தொடங்கி மகனுக்கு அழுது முடித்தார். எல்லோரும் வெளியேறும்வரை சக்கரத்தைப் பிடித்து மூடிவிட்டு, அதன் பிறகே அவன் வாசலுக்கு வந்து விழுந்திருக்கிறான் என்று அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

என் நாலு பக்கம் செய்யாததை ஒரு பூதம் செய்தது. ஏன்? நான் அந்த அம்மாவிடம் அவருடைய துக்கத்தையே திருப்பிக் கொடுத்தேன். அதைத் தொட்டால் சுடும். பூதக்கா வேறொரு துக்கத்தைக் கொடுத்து, முதலில் இதைத் தூக்கிப் பார் என்றார். மாயக்கதை படிப்பவர்கள் வாழ்க்கையிலிருந்து ஓடுகிறவர்கள் என்று இனி என்னிடம் யாரும் சொல்லாதீர்கள். இந்த அறையில் ஓடியவர் யாரும் இல்லை. சுற்றுவழியில் போய் வாசலுக்கு வந்து சேர்ந்தவர்களைத்தான் பார்த்தேன்.

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவன் கைக்குக் கட்டுப் போட்ட நர்ஸைத் தேடிச் சங்கம் போனது. மறு விசாரணை வாங்கியது. வருகிற வியாழக்கிழமை அந்த அம்மா சாட்சி சொல்ல வேண்டும். எதிர் முனையைப் பிடிக்கிறவர்போலக் கூடவே வருவேன் என்று பூதக்கா வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குக் கொடுத்தவர் இதோ படமாக இருக்கிறார்.

நேற்று அக்காவின் இறுதி ஊர்வலம் முடிந்து திரும்பும்போது அந்த அம்மா என்னிடம், "அவ இல்லாம என்னால அங்க வாயத் தெறக்க முடியாதுப்பா" என்றார். நிர்வாகத்துக்கு இது தெரிந்தால் போதும். அந்தப் பையன் காலத்துக்கும் ஓடிப்போனவனாகவே இருப்பான்.

பூதத்தின் கதையும் முடியவில்லை. விஷயம் தெரிந்துவிட்ட ஊர்க்காரர்கள் செத்த தோளிலிருந்து இறங்க வேண்டும். யார் முதலில் காலை எடுத்து வைப்பது என்று நிற்கிறார்கள், அக்கா கதையை அங்கேயே விட்டுப் போய்விட்டார். கடைசி அத்தியாயத்தை என்னை எழுதச் சொல்லிச் சிலர் கேட்டீர்கள். நான் எழுதமாட்டேன். எனக்குப் பூதம் எழுத வராது. இறங்குவதை நாம் செய்துதான் காட்ட முடியும்.

அம்மா, மூன்றாம் வரிசையில் இருக்கும் உங்களிடமே சொல்கிறேன். விசாரணை அதிகாரி சாட்சியிடம் முதலில் கேட்கிற கேள்வி என்ன தெரியுமா? நீங்க யாரு என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல உங்களுக்குப் புதிதாக எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இந்த அறையில் எழுந்து நின்று ஒருமுறை சொல்லிவிட்டீர்கள்.

எங்கே வலிக்கிறது என்ற இரண்டாவது கேள்வியை அவர் கேட்கமாட்டார். அவர் மேசையில் அதற்கு இடம் இல்லை. அதைக் கேட்கத்தான் நாங்கள் வருகிறோம். வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகாமல், மடிப்புப் பிரிவு, வெளுப்புப் பிரிவு, வேன் ஓட்டுநர்கள், எல்லோரும் அந்த அலுவலக வாசலில் நிற்போம். நீங்கள் வெளியே வரும்வரை நிற்போம். விழமாட்டோம்.

போய் வாருங்கள் அக்கா. எதிர் முனையை நாங்கள் பிடித்துக்கொண்டோம்.