இரண்டாவது ரிமோட்

சின்ன எழுத்தை வாசிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் ஐயா. சிமெண்ட் மூட்டை தூக்கியே வயது போய்விட்டது. எழுத்துக்கூட்டக் கற்றதே போன வருடம்தான். கற்றுக்கொடுத்தவள் என் மகள்.

மகளும் மருமகனும் வாங்கிய பழைய காருக்கு ரிமோட் சாவி ஒன்றுதான் இருந்தது. கதவில் சாவி நுழைக்கும் துளை துருப்பிடித்துப் போயிருந்ததால், ரிமோட் இல்லாமல் கார் திறக்காது. மகள் இன்னொரு ரிமோட் வாங்கி வந்து, கூட இருந்த தாளையும் என் கையில் கொடுத்தாள்.

"கடைக்கெல்லாம் போக வேணாமாம், வீட்டுலயே பதிச்சுக்கலாமாம். நீங்களே படிச்சுப் பண்ணுங்கப்பா."

மருமகன் சிரித்தார். "மாமா படிச்சு முடிக்கிறதுக்குள்ள கார் காயலான் கடைக்குப் போயிடும்."

நானும் சிரித்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. சந்தேகம்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து யாரிடமோ பேசுவார்; நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். என் சட்டையில் ஒட்டியிருக்கும் சிமெண்ட் தூசி அவருடைய மூச்சுக்கு ஆகாது. வேறு வீடு பார்க்கிறார், என் மகளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் மகள் வேலைக்குப் போனபின் காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். தாளில் இருந்தபடி சாவியைச் செருகிச் செருகி எடுத்தேன். கதவுகள் தாமாகப் பூட்டித் திறந்தன. கார் தயார் என்று அர்த்தம். புது ரிமோட்டை அழுத்தினேன். மறுபடி அதே சத்தம். ஏற்றுக்கொண்டது. அவருடைய மூச்சு மருந்து முன்பெட்டியில்தான் இருந்தது. அதை நான் தொடவே இல்லை. இறங்கிப் பூட்டி, புது ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பழைய சாவியை ஆணியில் மாட்டினேன்.

அவர் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். என் வேலைச் சட்டையை அவர் தலைமாட்டில் உதறினேன். எப்போதும் வெளியேதான் உதறுவேன்.

இருமிக்கொண்டே எழுந்து, சாவியை எடுத்துக்கொண்டு காரிடம் ஓடினார்.

"மாமா... திறக்கல."

"நல்லா அழுத்திப் பாருங்க மாப்ள."

அழுத்தினார். பிறகு கண்ணாடியைத் தட்டினார். பிறகு தட்டவில்லை.

அவர் பார்த்து வைத்திருந்த வீட்டில் எனக்கும் ஓர் அறை இருந்ததாம். மகள் அழுதுகொண்டே யாரிடமோ சொன்னாள். அதை அவர் கண்ணாடியை இறக்கிவிட்டே பேசியிருக்கலாம்.

நேற்று வீட்டுக்கு விசாரிக்க வந்தபோது நீங்கள், "படிக்கத் தெரியாத மனுஷன், பாவம், தப்பாப் பண்ணிட்டாரு" என்றீர்கள். மகள் தலைகுனிந்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். பழைய ரிமோட்டையும் கூடவே பதிக்காவிட்டால் கார் அதை மறந்துவிடும் என்று தாளின் கடைசி வரியில் போட்டிருக்கிறது. அந்த வரியை ஓர் எழுத்து விடாமல் வாசித்தேன். தெரிந்துதான் பழையதை விட்டேன்.

நீங்கள் எழுதியதில் படிக்கத் தெரியாதவன் என்பதை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. கற்றுக்கொடுத்தது வீண்போகவில்லை என்று தெரிந்தால், அவள் என்னோடே இருந்துவிடுவாள்.