கயிற்றோடு ஓடுகிறவர்

ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கும் பாதைப் படகில் அன்று விலகி நிற்க இடமில்லை. முன்னால் நின்ற இரண்டு பெண்களில் இளையவள் சொன்னாள்:

"எங்கட அவர் தினமும் விடிய வெள்ளன ஓடுறார், மச்சாள். கையில மாட்டுக் கயிறும் வேணும்."

"கயிறு என்னத்துக்கு கா?"

"சும்மா ஓட ஊர் விடுமா? முதல் நாள் வாசலுக்கு வாசல் வந்து, ஆர் செத்தது எண்டு கேட்டதுகள். கயிறோட ஓடினா மாடு தேடுறார் எண்டு விட்டிருங்கள்."

"ஓடி என்ன கண்டார்?"

"எங்கட புள்ள மோசம்போய் அடக்கினதில இருந்து நித்திரையில்லாத மனுசன். இப்ப படுத்த உடன நித்திரை. சோறும் கேட்டுத் திங்கிறார். நேத்துச் சிரிச்சும்போட்டார்."

"உங்களிட்ட மாடு இருக்கா கா?"

"இல்ல. அது ஊருக்கே தெரியும். ஒருத்தரும் கேக்கிறல்ல."

"நேத்து ஏன் சிரிச்சார்?"

"கயிற மறந்துபோட்டு ஓடிட்டார். முன்வீட்டு மாமி கண்டுட்டா. தன்ட மாட்ட அவிட்டு விட்டுப்போட்டு, அந்தக் கயிறோட பின்னால ஓடினா. மறுகா ரெண்டு பேருமாச் சேந்து, அந்த மாட்டத் தேடி ஓடினதுகள்."