சேவ் பண்ண முதல்

ஏறாவூரில் பஸ் நின்றபோது முன்சீற்றுப் பெண்ணின் கேள்வி என் காதை இழுத்தது.

“தம்பி, உங்கட கம்பியூட்டர் பாட வீடியோவைப் பாத்துப் பழகினவங்க எல்லாரும் சேவ் பண்ண முதல் மவுஸை விட்டுட்டுச் சும்மா இருக்காங்க. ஏன்?”

அவருக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர் சிரித்துவிட்டார்.

“திரையை ரெக்கோட் பண்ணக்குள்ள பள்ளிவாசல்ல பாங்கு சொன்னாங்க மிஸ். கையை எடுத்திட்டுப் பேசாம இருந்தன். பிறகு பாங்குச் சத்தத்தை மட்டும் எடுத்திட்டு, அந்த இடத்தை வெட்ட மறந்திட்டன்.”

“அவங்க அதையும் பாடமெண்டு நினைச்சிட்டாங்க.”

“இப்பவே வெட்டுறன்.” மடிக்கணினியைத் திறந்தார்.

“வேணாம். அந்த நேரத்துலதான் அடிச்சதைத் திரும்ப வாசிக்காங்க. பிழையெல்லாம் அப்பதான் பிடிபடுது.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப மற்றப் பாடங்கள்ல நான் பாத்துப் பாத்து வெட்டின இடமெல்லாம், மிஸ்?”