மழையில் பார்க்க வேண்டிய வீடு

வீடு வாங்கப் போகிறவர் அதை மழை பெய்யும்போது போய்ப் பார்க்க வேண்டும் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் ஆலோசனை. வெயிலில் எல்லா வீடும் மாப்பிள்ளை மாதிரிதான் நிற்கும். எது ஒழுகும், எது ஊறும், தெருத் தண்ணீர் எந்தப் படிவரை ஏறும் என்பதெல்லாம் மழையில்தான் தெரியும். முப்பத்தொரு வருஷமாகப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதுகிற ஆத்மநாதன் சொல்கிறேன்.

அடுத்தது தாய்ப்பத்திரம். அப்புறம் முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று. நீங்கள் இரண்டையும் பார்த்துவிட்டீர்கள். பார்த்தும் கேட்டீர்கள்: "சார், பேப்பர்ல வராத வில்லங்கம் ஏதும் இருக்கா?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் இப்படி நேராகக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். கேட்டால் சொல்லிவிடுவேன். எனக்கு இளகின மனசு. என் மனைவி பரிமளா அதைச் சொல்லித்தான் என்னைத் திட்டுவாள்.

மணமேல்குடியில் இருக்கும் இந்த வீட்டைக் கட்டியது சொர்ணவல்லி என்கிற அம்மாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை பார்த்தவர். புருஷன் சீக்கிரம் போய்விட்டார், பிள்ளை இல்லை. ரிட்டையர் ஆன பிறகு அஸ்திவாரம் போட்டு, ஒவ்வொரு அறையாகக் கட்டினார். அடுப்படி மட்டும் ஹாலைவிடப் பெரிசு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டம்மா ரஞ்சிதாவுக்கு அதுதானே பிடித்திருக்கிறது?

தனக்குப் பிறகு வீடு அண்ணன் மகன் திருமுருகனுக்குப் போக வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை. அதனால் உயில் எழுத வேண்டும் என்று திருமுருகனையே கூட்டிக்கொண்டு வந்தார். அவன் என்னை மட்டும் ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னான்.

"உயிலெல்லாம் வேணாம் சார். அத்தைக்கு நாளைக்கே மனசு மாறிப்போகும். செட்டில்மெண்டா எழுதிருங்க."

வித்தியாசம் சின்னதுதான். உயில் எழுதினால் சாகும்வரை வீடு எழுதினவருடையது. நினைத்தால் கிழித்துப் போடலாம். செட்டில்மெண்ட் என்றால் பதிவான நிமிஷமே வீடு கைமாறிவிடும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எழுதிக் கொடுப்பவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் பத்திரத்தை நாங்கள் படித்துக் காட்ட வேண்டும். சொர்ணவல்லி அம்மாளுக்குக் கையெழுத்துப் போட வரும், வாசிக்க வராது. நான் படித்துக் காட்டுவதற்கென்றே சனங்கள் வருவார்கள். பத்திர பாஷையைக் கேட்டால் நல்ல மனுஷனுக்கே காய்ச்சல் வரும். நான் அதைப் பேச்சுப் பாஷையாக்கி, நடுவில் ரெண்டு ஜோக்கும் போட்டுப் படிப்பேன். என் மேசையில் அழுதுகொண்டே சொத்தைப் பிரித்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டுதான் எழுந்து போவார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் படித்தேன். தாளில் 'இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று இருந்தது. 'இன்று முதல்' வந்த இடத்தில் 'என் காலத்துக்குப் பிறகு' என்று படித்தேன். மற்றதெல்லாம் உள்ளது உள்ளபடி.

அந்த அம்மாள் தாளையும் என்னையும் பார்த்தார்.

"தம்பி, நீங்க படிச்சதுதானே அதுல இருக்கு?"

"ஆமாங்க ஆத்தா. நான் என்ன, உப்புமா மாதிரி சொந்தமாக் கிண்டியா போடப் போறேன்?"

சிரித்துவிட்டார். சமையல்காரம்மா இல்லையா. எதிரே அலுவலகத்தில் சம்மதமா என்று கேட்டபோதும் சிரிப்பு மாறாமல் "சம்மதங்கய்யா" என்றார். பயந்துபோகாமல் பார்த்துக்கொண்டேன் என்று அன்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

ஏழு மாசம் கழித்துத் திருமுருகன் பூட்டை மாற்றினான். அந்த அம்மாள் நேராக என்னிடம்தான் வந்தார். நம்புகிற இடத்துக்குத்தானே மனுஷர் வருவார்கள்.

"என்னன்னு கேளுங்க தம்பி. ஒனக்கு வீடே இல்லைங்கிறான். நான் இன்னும் உசுரோடதான இருக்கேன்?"

இதற்கும் சட்டத்தில் வழி உண்டு, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வாங்கிக்கொண்டு வயசானவரைக் கவனிக்காமல் விட்டால், கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து எழுதினதை ரத்துப் பண்ணக் கேட்கலாம். அதை நானே எடுத்துச் சொன்னேன். மனுவையும் நானே எழுதினேன். என் கைபட்ட மனுக்களில் அது மாதிரி இன்னொன்று இல்லை. படித்துக் காட்டினேன், இந்தத் தடவை ஒரு வார்த்தை மாற்றாமல். கையெழுத்து வாங்கி, "நானே கொடுத்துடுறேன், நீங்க அலையாதீங்க" என்று மேசை இழுப்பறையில் வைத்தேன்.

அங்கேயே இருக்கிறது. விசாரணை வந்தால் பத்திரத்தைப் படித்துக் காட்டியது யார் என்று முதல் கேள்வி வரும். லைசென்ஸ் போய்விடும். எனக்கும் குடும்பம் இருக்கிறது.

அந்த அம்மாள், தன்னோடு சத்துணவில் வேலை பார்த்த அழகி என்பவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஓரமாகப் படுத்துக்கொண்டு, திங்கள்கிழமை தவறாமல் என் மேசைக்கு வருவார். டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பேன். "கவர்மெண்டு காரியம், நம்ம பஸ்ஸைவிட மெதுவாத்தான் வரும்" என்பேன். அதற்கும் சிரிப்பார். இதற்கு நடுவில் திருமுருகன் வீட்டை விற்றான். வாங்கியது பரிமளா. அதாவது நான், அவள் பெயரில். தாய்ப்பத்திரம் நானே எழுதியது. அதைவிடச் சுத்தமான தாய்ப்பத்திரம் எங்கே கிடைக்கும்?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகை ஒழுகுகிறது என்று அந்த அம்மாள் தன் வீட்டு வாசலிலேயே போய் நிற்க ஆரம்பித்தார். மேலே சன்ஷேட் இருக்கிறதே, அதற்கடியில். ஒரு திங்கள்கிழமை நனைந்த சேலையோடு வந்தார்.

"தம்பி, வீட்டை யாரோ வாங்கிட்டாகளாம். அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. மழை விடுற வரைக்கும் உள்ள ஒண்டிக்கிறேன். அடுப்படி ஓரம் போதும்."

"கேட்டுச் சொல்றேன் ஆத்தா" என்றேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

அடுத்த திங்கள் வரவில்லை. வியாழக்கிழமை காலையில் அழகி போய்ப் பார்த்தபோது சன்ஷேட்டுக்கு அடியில், கதவில் சாய்ந்தபடி இருந்தாராம். எல்லாச் செலவும் நான்தான் செய்தேன். எடுத்துப் போகும்போது அழுதேன். ஊரே பார்த்தது.

இன்னும் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். கேட்கிறவரிடம் பாதியை மறைத்தால் அது நாணயமில்லை. படித்துக் காட்டிய அன்று காலையிலேயே, "விக்கிறப்ப மொதல்ல உங்ககிட்டதான் சார் பேசுவேன்" என்று திருமுருகன் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அந்த அடுப்படி எனக்கு ரொம்ப நாளாகப் பிடிக்கும். பயப்படாமல் இருக்கட்டும் என்றுதான் மாற்றிப் படித்தேன் என்பதும் உண்மைதான். இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாதா என்ன?

குடிபோன பிறகு பரிமளா ஒரு வாரத்துக்கு மேல் அங்கே இருக்க மாட்டேன் என்றுவிட்டாள். மழை பெய்தால் கதவுப் பக்கமே போகமாட்டாள். அதனால்தான் விற்கிறோம்.

மற்றபடி வீட்டில் ஒரு குறையும் கிடையாது. சான்றிலும் ஒரு வரி வராது. உங்கள் பத்திரத்தை நானே எழுதித் தருகிறேன், எழுத்துக்கூலி வேண்டாம், முழுசாகப் படித்தும் காட்டுகிறேன். வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை வந்து பாருங்கள். நல்ல வெயில் நாளாகப் பார்த்து வாருங்கள்.