உரல் இருந்த இடம்

ஒரு வீட்டுக்கு எத்தனை முறம் வேண்டும் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், ஐயா. ஒன்று போதும் என்பார்கள். கொஞ்சம் தாராளமான கையாக இருந்தால் இரண்டு என்பார்கள். எங்கள் வீட்டில் ஆணிக்கு ஒன்று தொங்கியது. பாதிக்கு மேல் ஓட்டை. உட்காருங்கள். இப்போது உட்கார இடம் இருக்கிறது. போன வாரம் வந்திருந்தால் நீங்கள் நின்றுகொண்டேதான் எழுதியிருக்க வேண்டும்.

நான் மாங்காட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் உடைந்த சாமான் ஒரு பொழுது தங்காது. அப்படி வளர்ந்தவளை இந்த அயனம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ஜம்புலிங்கம் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறார். விடிவதற்கு முன் கிளம்பி அம்பத்தூர் வரை நடந்து ரயிலைப் பிடிப்பார். நல்ல மனிதர். அவருக்கு ஓர் அக்கா. பெயர் நாகவல்லி.

அம்மை வந்து சின்ன வயதிலேயே அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. தாயில்லாத என் வீட்டுக்காரரைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான். கண்ணில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், வீட்டுக்குள் அப்படி நடப்பாள். படுக்கையை விட்டு எழுந்ததும் கை முதலில் மரப்பெட்டியைத் தொடும். அடுத்து நெற்குதிர். பிறகு சுவரில் தொங்கும் முறங்கள். அவற்றைத் தடவிக்கொண்டே போனால் பின்கதவு. கதவைத் தாண்டினால் கொல்லையில் ஒரு கல் உரல். உரலைத் தொட்டு வலப்பக்கம் திரும்பினால், ஒதுங்குவதற்குத் தட்டி கட்டிய மறைவு. நேரே போனால் கிணறு. எங்கள் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, பார்த்திருப்பீர்கள்.

இப்போது புரிகிறதா? அந்த வீட்டில் எதையும் தூக்கிப் போட முடியாது. பெட்டி செல்லரித்திருந்தது. குதிரில் நெல்லே இல்லை. எலிதான் குடித்தனம் நடத்தியது. உரலில் விரிசல். ரைஸ் மில் வந்த பிறகு உரலை யார் தொடுகிறார்கள்? ஆனாலும் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் பெட்டியை ஒரு முழம் நகர்த்திக் கூட்டினேன். அவள் முட்டியை இடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் திட்டவில்லை. பெட்டியைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்துவிட்டு, "இந்த ஊட்ல எதுவும் நவுரக் கூடாது வடிவு. அக்காவுக்கு அதான் கண்ணு" என்றார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

என் அம்மா சீராகக் கொடுத்த நிலைக்கண்ணாடிக்கு அந்த வீட்டில் இடமில்லை. மாட்டுக் கொட்டகையில் சாய்த்து வைத்தார்கள். பசுமாடு முகம் பார்த்துக்கொண்டது. நான் தண்ணீர்க் குடத்தில் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டேன்.

எனக்கு உட்காரவே முடியாது, ஐயா. உட்கார்ந்தால் பெட்டிக்கு அடியில் இருக்கும் தூசி நினைவுக்கு வரும். எழுந்து கூட்டுவேன். கூட்டி முடித்ததும் குதிருக்குப் பின்னால் என்ன கிடக்கிறதோ என்று தோன்றும். சோறு இறங்காது. படுத்தால் உள்ளங்கை அரிக்கும். ஒரே ஒரு சாமானைத் தூக்கி வெளியே வைத்துவிட்டால் மூச்சு வந்துவிடும் என்று இருக்கும். ஒரு நாள் ஓட்டை முறம் ஒன்றை ஏரியில் விட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். சாயங்காலம் அவள் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு மொறம் இருந்துச்சே, எங்கடி?" என்று கேட்டாள். மறுநாள் அவர் பூந்தமல்லி போய்ப் புது முறம் வாங்கிவந்து அதே ஆணியில் மாட்டினார். எனக்கு ஆத்திரம் வந்தது. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

அவள் கெட்டவள் இல்லை. எனக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது என் தலைமாட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. கஞ்சியைத் தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்து ஊட்டினாள். யாராவது அவளைப் பற்றித் தவறாகச் சொன்னால் நானே சண்டைக்குப் போவேன்.

போகி என்றால் தெருவே எரியும். ஓலைப்பாய், கூடை, துடைப்பம் என்று எல்லோரும் கொண்டுவந்து கொட்டுவார்கள். எங்கள் வீட்டிலிருந்து வருஷா வருஷம் ஒரு கிழிந்த பாய் போகும். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, "இன்னா வடிவு, உங்க ஊட்ல பழசே இல்லியா?" என்று கேட்டுச் சிரிப்பாள். எனக்கு முகம் எரியும்.

இந்த வருஷம் சண்டைக்குச் சாமான் செய்கிற வேலை என்று ஒர்க்‌ஷாப்பிலேயே அவரை நிறுத்திக்கொண்டார்கள். பொங்கலன்று மத்தியானம்தான் வருவேன் என்று சொல்லி அனுப்பினார். அக்கா ஜுரத்தில் படுத்திருந்தாள். பழைய சாமான் வாங்கும் கோவிந்தன் கட்டை வண்டியோடு தெருவில் போனான். நான் கூப்பிட்டேன். எல்லாம் ஒன்றாகக் கூடிவந்ததே தவிர, நான் திட்டம் போட்டேன் என்று சொல்ல முடியாது.

முறங்களையும் குதிரின் மூடியையும் தெரு நெருப்பில் போட்டேன். குதிரின் மண்சுவரை உடைத்துக் குப்பைமேட்டில் கொட்டினேன். பெட்டியை வண்டியில் ஏற்றினோம். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"இன்னாடி சத்தம் அது?"

"போகியாச்சேக்கா. தூசி தட்றேன்."

"எட்த்தத எட்த்த எடத்துலயே வச்சிடு, கண்ணு."

"வச்சிட்றேன்க்கா."

கடைசியாக உரல். வாசற்படிக்கு ஆகும் என்று கோவிந்தன் அதைக் கேட்டு வாங்கினான். கொல்லையிலிருந்து சந்து வழியாக உருட்டிக்கொண்டு போனவன் பாதியில் நின்றான்.

"யம்மா, அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாதே. சொல்ட்டீங்களா?"

"சொல்லிட்டேன், நீ போ" என்றேன். அவன் இதை உங்களிடம் சொல்லியிருப்பான். பொய் சொல்கிற ஆளில்லை.

அன்றைக்கு அவளை எழவே விடவில்லை. கஞ்சி, மருந்து, கழிக்கச் சட்டி, எல்லாம் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடத்தைச் சாணம் போட்டு மெழுகினேன். கொட்டகையிலிருந்து கண்ணாடியைத் தூக்கிவந்து துடைத்து நிறுத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வீட்டில் புரளாமல் தூங்கினேன்.

பொங்கலன்று விடிந்ததும் தண்ணீர் இறைக்கக் கொல்லைக்குப் போனேன். பானை வைக்க நேரமாகிறதே என்ற நினைப்புதான். அக்காவுக்கு ஜுரம் விட்டிருந்தது போலிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டே பின்கதவு வரை வந்துவிட்டாள். கதவைத் தாண்டி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். பச்சைக் குழந்தை தூக்கச் சொல்லுமே, அப்படி.

"வடிவு, ஒரலு எங்கடி கீது?"

நான் கிணற்றுக்கு அந்தப் பக்கம் கயிற்றோடு நின்றிருந்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேசாமல் இருந்திருந்தால் அவள் திரும்பி உள்ளே போயிருப்பாள். சாயங்காலத்துக்குள் அவர் உரலைத் தேடிப் போயிருப்பார். பெட்டி வரும், குதிர் வரும், கண்ணாடி கொட்டகைக்குப் போகும். இதெல்லாம் எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் நேரா வாக்கா" என்றேன்.

என் குரலை நம்பி வந்தாள். பாதியில் ஒரு தடவை நின்று, "இங்கயா?" என்று கேட்டாள். "இன்னும் ரவ முன்னாடி வாக்கா" என்றேன். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

அவள் கீழே போன பிறகு கிணற்றுக்குள் கயிற்றை விட்டேனா என்று கேட்டீர்கள். விடவில்லை. அது நல்ல கயிறு, கையில்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் கூடத்து நடுவில் நின்றுகொண்டு கையால் காற்றைத் தடவுகிறார். அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். ஏன் அப்படிச் செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். ஒன்றை மட்டும் எழுத வேண்டாம். அக்கா கால் தடுக்கி விழுந்துவிட்டாள் என்று கன்னியம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அது அபாண்டம், ஐயா. தடுக்கி விழ என் வீட்டில் ஒரு சாமான்கூட இல்லை.