மாமாவோட ஸ்டேடியம் போயிருக்கா

ஹலோ... ஆ, சொல்லு மச்சான்! போய்ச் சேர்ந்தாச்சா? உங்க அக்கா காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கா... என்னது? ஒரே இரைச்சலா இருக்கு... சார், தலையை ஆட்டாதீங்க, கிருதாகிட்ட கத்தி இருக்கு... உன்னைச் சொல்லலப்பா. கடையிலதான் இருக்கேன், வேற எங்க இருப்பேன்? சனிக்கிழமை. உக்கார இடமில்லாம வாசல்ல நிக்கிறாங்க.

என் பொண்ணு என்ன பண்றா? ... ஐஸ்ல சறுக்கினாளா? இந்த வெயில்லயா? ... ஓ, ஸ்டேடியத்துக்குப் பக்கத்துலயே அதுக்குன்னு ஒரு கூடம் இருக்கா... ராட்டினம் வேறயா... ம்... ம்... விழுந்தாளா? ... விழவே இல்லையா. சரி, நல்லது. ... சந்தோஷம்தான்ப்பா, என் குரலே அப்படித்தான்.

ஏங்கினாளா? ... இல்ல, அப்பா எங்கன்னு... ஒரு தடவைகூடவா? ... ஓஹோ.

என்னது? 'மாமாதான் பெஸ்ட்'டாமா? ... சொல்லுவா, சொல்லுவா. நாள் முழுக்க ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தா எதிர்வீட்டு நாய்கூடச் சொல்லும். ... கோவமெல்லாம் இல்ல. மடியில வச்சு ஒரு மேட்ச் விடாம டிவியில காட்டினது யாரு? அந்த டீம் பேரைச் சொல்லிக் குடுத்தது யாரு? ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னது... ஆமா. ஆமா, கூட்டிட்டுப் போனது நீதான். ஆமாப்பா, ஆமா.

ஏன் சார் சிரிக்கிறீங்க? சிரிச்சா மீசை கோணிக்கும்.

அவகிட்ட குடு. ... செல்லம்! அப்பாதான்... ஏம்மா அழறே? ... எல்லாரும் எந்திரிச்சுட்டாங்களா? முன்னாடி நிக்கிறவர் மறைக்கிறாரா? ... சரி, சரி, அழாதே. மாமாகிட்ட போனைக் குடு.

மச்சான், தூக்குடா அவளை. ... இடுப்புல வச்சா எப்படித் தெரியும்? தோள்ல. ... கழுத்துக்கு ரெண்டு பக்கமும் காலைப் போட்டு... நான் எப்பவும் அப்படித்தான்... அவளுக்கு அதுதான் பழக்கம். ... பயப்படாதே, விழ மாட்டா. காதைப் பிடிச்சுப்பா.

ஏறிட்டாளா? ... தெரியுதாமா? ... ம். சிரிக்கிறா... கேக்குது, கேக்குது.

காதைப் பிடிச்சிருக்காளா? ... ரெண்டு கையாலயுமா? ... இழுக்கிறாளா? ... வலிக்குதா?

வலிக்கட்டும்டா. நல்லா வலிக்கட்டும். ... டேய், கையை எடுக்கச் சொல்லாதே... ஹலோ? ... ஹலோ...