கொசுவுக்குப் பெயர் உண்டு, ஃபெர்மின் லாமாஸுக்கு இல்லையா?

தலைமைப் பொறுப்பேற்று, தம் மூட்டுவலியையும் மறந்து நிமிர்ந்து அமர்ந்திருக்கும் எங்கள் கலீசியர் சங்கத் தலைவர் தோன் செவெரினோ அவர்களே! ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கடல் கடந்து வந்து இந்த ஹவானா நகரின் கல்லையும் கம்பியையும் தோளில் சுமந்த பெரியவர்களே! பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! டிராம் பணிமனையின் சீருடையோடு வந்து நிற்கும் என் தோழர்களே! இடமில்லாமல் ஜன்னல் கம்பியில் தொங்கும் நண்பர்களே! உங்கள் அத்தனை பேரையும் எவாரிஸ்தோ என்கிற இந்த டிக்கெட் கொடுக்கிறவன் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

கோபத்தோடு வந்திருக்கிறேன். மறைக்க மாட்டேன். தலைவர் என் காதில், "எவாரிஸ்தோ, கொஞ்சம் நிதானமாப் பேசுப்பா, மேசைய உடைச்சிராத" என்றார். தலைவர் அவர்களே, மேசைக்கு நான் பொறுப்பு. நிதானத்துக்கு நான் பொறுப்பல்ல!

மஞ்சள் காய்ச்சல்! அந்தப் பெயரைக் கேட்டால் இந்த மண்டபத்தின் முன்வரிசையில் இருக்கிறவர்களுக்கு இன்றும் உள்ளங்கை வியர்க்கும். கப்பல் கப்பலாக வந்த நம் இளைஞர்களைக் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போன காய்ச்சல். காற்றில் வருகிறது என்றார்கள். கட்டிலில் வருகிறது என்றார்கள். கிழிந்த துணியில் வருகிறது என்றார்கள். "கொசுவில் வருகிறது" என்று இந்த ஊர் மருத்துவர் ஒருவர் சொன்னபோது இருபது ஆண்டுகள் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு, சோதித்துப் பார்க்க, அந்நியப் படையின் மருத்துவர்கள் பக்கத்து ஊரான மரியானாவோவுக்கு வெளியே கூடாரம் அடித்தார்கள். சோதிக்கக் கொசு வேண்டும். கிடைத்தது. கொசு கடிக்க ஒரு கை வேண்டுமே? யார் கை? யாருடைய கை, தோழர்களே?

பின்னாலிருந்து ஒருவர் "நம்ம கை!" என்கிறார். நம்முடைய கைதான் ஐயா! அந்நியப் படைவீரர்கள் சிலரும் கை நீட்டினார்கள்; அவர்களை வணங்குகிறேன். மருத்துவர்களும் தங்கள் கையை நீட்டினார்கள். அதில் உயிர் விட்டவரும் உண்டு. அவர் பெயருக்கு முன் தொப்பியைக் கழற்றுகிறேன். என் கோபம் அவர்கள் மீது அல்ல. அவர்களுக்குப் பக்கத்தில் கை நீட்டிய நம்மவரைத் துடைத்தெறிந்தார்களே, அவர்கள் மீது!

அந்தக் கைகளில் ஒன்று ஃபெர்மின் லாமாஸுடையது. அவர் டிராம் ஓட்டினார், நான் டிக்கெட் கொடுத்தேன். பதினெட்டு ஆண்டுகள் ஒரே வண்டி. ஓட்டும்போது பேச மாட்டார். நிறுத்தத்தில் நின்றால் பாடுவார். பாட்டு கேட்டுப் பயணிகள் இறங்கிப் போய்விடுவார்கள். (சிரியுங்கள், அவரும் சிரிப்பார்.) ஊரிலிருந்து வந்த புதிதில் கூடாரத்துக்குப் பள்ளம் தோண்டப் போனவர். தோண்டி முடித்ததும், "கடிக்க விடுவியா?" என்று கேட்டார்கள். விட்டார். விழுந்தார். கண் மஞ்சளாகி, முதுகு முறிந்து, ஈறில் ரத்தம் கசிந்து, எமனின் வாசல் வரை போய்த் திரும்பினார். "தங்கக் காசு கொடுத்தோமே" என்கிறார்கள் இப்போது. கொடுத்தீர்கள். காசு கொடுத்தால் பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

கூடாரத்தில் கிடந்தபோது, ஊரில் காத்திருந்த எதெல்வினாவுக்கு ஃபெர்மின் கடிதம் எழுதினார். எதெல்வினா அண்ணி அந்தக் கடிதங்களை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே கப்பல் ஏறி வந்து அவரை மணந்தார். பல ஆண்டு கழித்து ஒரு வெளிநாட்டுக் கனவான் வீடு தேடி வந்தார். இந்த ஆராய்ச்சியின் கடிதங்களையெல்லாம் சேகரிக்கிறாராம். அண்ணி கொடுத்த காப்பியைக் குடித்தார், "மூணு மாசத்துல திருப்பித் தந்துர்றேம்மா" என்றார், கொண்டு போனார். பிறகு அவர் இறந்தார். அவர் சேர்த்த கடிதப் பெட்டிகள் கைமாறின. கடல் தாண்டி ஒரு காப்பகத்தின் அலமாரியில் போய் அடைந்தன. ஃபெர்மினும் இறந்தார். கடிதம் வரவில்லை.

இப்போது அந்தச் சோதனைக்கு ஐம்பதாண்டு நிறைவு விழா. அந்தக் கடிதங்களைக் கப்பலில் கொண்டுவந்து, நம் நகரின் பளிங்கு மண்டபத்தில், கண்ணாடிப் பெட்டிகளில் பரப்பி வைத்தார்கள். முந்தாநாள் செவ்வாய்க்கிழமை அண்ணியை நான்தான் அழைத்துப் போனேன். கறுப்பு உடை, கறுப்புச் சால்வை, புதுச் செருப்பு. "இந்தச் செருப்பு கடிக்குதுப்பா. ஆனா அவரைப் பாக்கப் போறேன், பழசப் போட்டுக்கிட்டா போறது?" என்றார்.

உள்ளே போனோம். என்ன பார்த்தோம்? கேளுங்கள்!

ஒரு குப்பிக்குள் செத்த கொசு. அதற்குக் கீழே பொன்னெழுத்தில் ஓர் அட்டை. கொசுவின் இனம் எழுதியிருந்தார்கள். கொசுவின் குலம் எழுதியிருந்தார்கள். கொசு எந்தக் குளத்து நீரில் பிறந்தது, எந்த நாளில் பொரிந்தது, எவரைக் கடித்துவிட்டு எவரைக் கடித்தது, எல்லாம் எழுதியிருந்தார்கள். பக்கத்துப் பெட்டியில் மருத்துவர் ஒருவர் மனைவிக்கு எழுதிய கடிதம்: "இன்று நம் ஸ்பானியனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, மகிழ்ச்சியில் எனக்கு உணவு இறங்கவில்லை." ஸ்பானியனுக்கு! அவனுக்கு அம்மா வைத்த பெயர் ஒன்று இல்லையா? அந்தக் கடிதத்தில் நடுநடுவே வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அருகே குறிப்பு: "குடும்ப விஷயங்கள், குடும்பத்தாரின் வேண்டுகோளின்படி மறைக்கப்பட்டன." நல்லது. நாகரிகம். கணவன் மனைவியிடம் கொஞ்சியதை ஊர் ஏன் படிக்க வேண்டும்?

அடுத்த பெட்டி. அண்ணி நின்றுவிட்டார். ஃபெர்மினின் கையெழுத்து! இரண்டு தாள், அகல விரித்து வைத்திருந்தார்கள். முதல் தாளில் கூடாரம், கொசு, காய்ச்சல். இரண்டாவது தாளில் எதெல்வினா. எதெல்வினாவுக்கு மட்டுமே எழுதிய சொற்கள். வெள்ளைத் தாள் உண்டா? ஓர் எழுத்து மறைத்தார்களா? இல்லை! கீழே அட்டை: "பெயர் தெரியாத ஸ்பானியத் தொழிலாளி ஒருவரின் கடிதம்."

பெட்டி முன்னால் வாசனை பூசிய இரண்டு சீமாட்டிகள். ஒருத்தி இரண்டாவது தாளை உரக்கப் படித்தாள். இன்னொருத்தி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அய்யோ, இவனுக்கு இருந்த ஆசையப் பாரேன்!" என்று சிரித்தாள்.

தாய்மார்களே, அண்ணி அழவில்லை. சால்வையை எடுத்தார். விரித்தார். கண்ணாடி மேல் போட்டார். பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

விழாவின் பொறுப்பதிகாரி அரிஸ்தீதெஸ் ஓடி வந்தார். மீசைக்கு எண்ணெய், பேச்சுக்கும் எண்ணெய்.

"அம்மா, இதெல்லாம் தொடக்கூடாது. இது உலகத்தோட சொத்து."

"இது எனக்கு வந்த கடுதாசி."

"அப்படின்னு யாரு வேணாலும் சொல்லலாமே. அத்தாட்சி இருக்கா?"

"என் பேரு எதெல்வினா. உள்ள அந்தப் பேருதான் இருக்கு. நீங்கதான் படிச்சிருப்பீங்களே."

"எதெல்வினான்னு ஊருல ஆயிரம் பேரு இருக்காங்கம்மா."

"இருக்கலாம் சார். அவர் ஒருத்திக்குத்தான் எழுதினாரு."

அதிகாரி காவலரைக் கூப்பிட்டார். நரைத்த மீசைச் சார்ஜென்ட் ஒருவர் வந்தார். "அம்மா, கொஞ்சம் வழி விடுங்களேன்" என்றார்.

"நான் வழியில நிக்கலப்பா. என் வீட்டுக்காரர் பக்கத்துல நிக்கிறேன்."

சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றினார். அதிகாரியிடம் திரும்பி, "சார், எனக்குத் தலைய வலிக்குது. ஒரு காப்பி குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று போனார். தோழர்களே, அது மிகப் பெரிய காப்பி! அன்று மாலை வரை அவர் குடித்து முடிக்கவில்லை! கை தட்டுங்கள், அவருக்குத் தட்டுங்கள்!

மறுநாளும் அண்ணி போனார். அதற்குள் பணிமனைக்குச் செய்தி போயிருந்தது. ஓய்வு நேரத்துக்காரர்கள் அத்தனை பேரும் சீருடையோடு வந்து அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றோம். கத்தவில்லை. கண்ணாடி உடைக்கவில்லை. முதுகைக் காட்டி நின்றோம். அன்றைக்குத்தான் தூதர்கள் வருகிற நாள். பதக்கம் மின்ன, பட்டு சரசரக்க வந்தார்கள். எதைப் பார்த்தார்கள்? டிராம் தொழிலாளியின் முதுகைப் பார்த்தார்கள்! ஐம்பது ஆண்டு பார்க்க மறுத்த முதுகை அன்று அரை மணி நேரம் பார்த்தார்கள்!

அரிஸ்தீதெஸ் என் காதருகே, "யோவ், மானத்த வாங்காதய்யா" என்றார். "உங்க மானம் எந்தப் பெட்டியில சார் இருக்கு? காட்டுங்க, அதுக்கும் ஒரு அட்டை எழுதிரலாம்" என்றேன்.

அப்போது காப்பகத்தின் பிரதிநிதி வந்தார். ஒல்லியான வெளிநாட்டு அம்மையார், கழுத்தில் சாவிக்கொத்து. நம் மொழியைத் தட்டுத் தடுமாறிப் பேசுவார். தோழர்களே, உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த அம்மையார் முதலில் செய்தது ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னதுதான். அண்ணியை உட்கார வைத்தார். தாம் தரையில் குந்தினார். "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார். இரண்டு நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்.

அண்ணி சொன்ன பதிலை இந்தச் சங்கத்தின் சுவரில் எழுதி வைக்க வேண்டும்:

"காய்ச்சலப் பத்தி எழுதினதெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க. நாலு பேரு படிக்கட்டும், நாலு உசுரு பொழைக்கட்டும், அதுக்குத்தான அவரு கைய நீட்டுனாரு. என்னப் பத்தி எழுதினத எனக்குக் குடுத்துருங்க. அட்டையில அவரு பேர எழுதுங்க."

எதைக் கேட்டார்? புகழ் கேட்டாரா? பொன் கேட்டாரா? அறிவுலகத்துக்கு உரியதை அறிவுலகத்துக்கே தந்துவிட்டு, தனக்குரியதை மட்டும் கேட்டார். எந்தப் பல்கலைக்கழகமும் இதைவிட நேர்மையாக ஒரு கடிதத்தைப் பங்கு பிரித்திருக்குமா?

அம்மையார் எழுந்தார். "மேலிடத்து அனுமதி இல்லாம பெட்டியத் தொறக்க முடியாது!" என்று அரிஸ்தீதெஸ் அலறினார். "சாவி இருக்கு" என்றார் அம்மையார். திறந்தார். இரண்டாவது தாளை எடுத்தார். மடித்தார். படிக்காமல் மடித்தார், நான் பார்த்தேன். அண்ணியின் கையில் வைத்தார். பிறகு பேனாவை எடுத்துப் புது அட்டையில், அண்ணி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, எழுதினார்: ஃபெர்மின் லாமாஸ்.

அண்ணி அப்போதுதான் அழுதார். நானும்தான். டிக்கெட் பை நனைந்துவிட்டது.

என்ன அங்கே சத்தம்? "படிங்க"ன்னா சொல்கிறீர்கள்? அந்தத் தாளையா? தம்பி, அண்ணி இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார், தாள் அவர் கைப்பையில் இருக்கிறது. இந்த ஊரில் அதைப் படிக்க உரிமையுள்ளவர் ஒரே ஒருவர். உட்காருங்கள்!

இதோடு முடிந்ததா? முடிந்திருந்தால் நான் மேடை ஏறியிருக்க மாட்டேன். சாராயம் ஊற்றிக் கொண்டாடியிருப்பேன். முடியவில்லை! அந்த மண்டபத்தில் வேறு பெட்டிகள் உண்டு. "நம் இரண்டாவது ஸ்பானியன்." "கூடாரத்து மூலையில் படுத்தவன்." "இளைஞன், வலுவானவன், நன்றாக எதிர்த்து நின்றான்." அவர்கள் யார்? வானத்திலிருந்து விழுந்தவர்களா? ஒரு தாய் அவர்களைப் பத்து மாதம் சுமக்கவில்லையா? அம்மையாரிடம் கேட்டேன். "பேரச் சொல்லுங்க, விசாரிச்சு எழுதுறேன். ஆனா சனிக்கிழமை கப்பல் கிளம்பிடும்" என்றார். இன்று வியாழன்!

ஆகவே கேட்கிறேன். தீர்மானம் பிறகு, கைதட்டல் பிறகு, தலைவரின் முடிவுரை பிறகு. இந்த மண்டபத்தில், அந்தக் கூடாரத்தில் கை நீட்டியவருக்கு மகன் உண்டா? மகள் உண்டா? ஒரே தெருவில் வாழ்ந்தவர் உண்டா?

எழுந்திருங்கள்!

யார் அது? தூணுக்குப் பின்னால் நிற்கிற அம்மா, உங்களைத்தான். கூச்சப்படாதீர்கள். என்ன சொன்னீர்கள்? "எங்கப்பா." உங்கள் அப்பாவின் பெயர் என்னம்மா? உரக்க! "காஸ்தோர் பின்யெய்ரோ." காஸ்தோர் பின்யெய்ரோ! செயலாளரே, எழுதுங்கள்! அங்கே, ஜன்னலில் தொங்குகிறவர்? "என் மாமா, லியான்ட்ரோ." முழுப் பெயர் சொல்லுங்கள் ஐயா! லியான்ட்ரோ சோமோசா! எழுதுங்கள்! இந்தப் பக்கமும் ஒருவர் எழுகிறார், அதோ இன்னொருவர்...

தலைவர் அவர்களே, என் நேரம் முடிந்தது என்று மணி அடிக்கிறீர்கள். முடியட்டும். இனி இந்த ஒலிவாங்கி எனக்குத் தேவையில்லை, அவர்களுக்குத்தான் தேவை. பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும். தூணருகே நிற்கிற அம்மா, மேலே வாருங்கள். இதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை சொல்லுங்கள். நிறுத்தி நிதானமாக, அந்தக் கப்பல் நிற்கிற துறைமுகத்துக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.